சிபாப் மெஷினோடு தூங்கப் பழகுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ‘ஸ்லீப் ஆப்னியா’ என்ற நோய்க்காக, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பும் சிபாப் (CPAP) மெஷினை ஆறு வருடமாகப் போட்டுக்கொண்டு தூங்குகிறேன். சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாருக்காவது டாக்டர் இந்த மெஷினை எழுதிக் கொடுத்தால், சுற்றி வளைத்து எனக்குப் போன் வந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. பிரஷர் அளவை மாற்றுவது, மாத்திரையைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘எனக்கு மெஷின் ஒத்துக்கவில்லை’ என்று பரணில் ஏற்றி வைத்தவர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். உட்கார்ந்து விசாரித்தால், முக்கால்வாசிப் பேருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது மாஸ்க்தான். இல்லாவிட்டால் ஆரம்ப பிரஷர். இரண்டுமே சரிசெய்யக்கூடியவை. சரிசெய்து தர ஆள் இல்லாததால் விட்டுவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

குறட்டை எல்லாருக்கும்தானே வருகிறது? அதற்கு எதற்கு மெஷின்?

குறட்டைக்காக மெஷின் தருவதில்லை. குறட்டை நடுவில் நின்றுபோகிறதே, அதற்காகத்தான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. நெஞ்சு இழுக்கிறது, காற்று உள்ளே போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை பதறி ஒரு நொடி நம்மை எழுப்பிவிடுகிறது. பாதை திறக்கிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. காலையில் நமக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது.

எனக்கு என் மனைவி சொல்லித்தான் தெரியும். “குறட்டை டக்கென்று நிற்கும். நான் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிப்பேன். இருபது வரைக்கும் போகும். அப்புறம் கிணற்றுக்குள் மூழ்கி எழுந்த மாதிரி ஒரு இழுப்பு இழுப்பீங்க. அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வரும்” என்றாள். பல வருடம் இப்படிப் படுத்தபடி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

10 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றாலோ, மூச்சு வெகுவாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலோ ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு எத்தனை தடவை என்பதுதான் ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சை அளந்து பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டில் வரும் ஏ.எச்.ஐ. எண். 5-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 5 முதல் 15 லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது. எனக்கு 42 வந்தது. அதாவது ஒன்றரை நிமிடத்துக்குள் ஒருமுறை.

குண்டாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்றும் நினைக்க வேண்டாம். தாடை சிறியதாகவோ உள்வாங்கியோ இருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வருகிறது.

இது ஆக்சிஜன் மெஷினா? அவ்வளவு மோசமாகிவிட்டதா?

இல்லை. 2021 கொரோனா அலையில் வீட்டுக்கு வீடு ஆக்சிஜன் தேடி ஓடியதால் முகத்தில் மாஸ்க்கும் டியூபும் பார்த்தாலே நமக்குப் பயம் வந்துவிடுகிறது. சிபாப் மெஷின் உங்கள் அறையில் இருக்கும் அதே காற்றை உறிஞ்சி, வடிகட்டி, கொஞ்சம் அழுத்தத்தோடு அனுப்புகிறது. அந்த அழுத்தம் தொண்டை மூடாமல் உள்ளிருந்து முட்டுக்கொடுத்து நிற்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. மூச்சை நீங்கள்தான் விடுகிறீர்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் சிட்னியில் இருந்த காலின் சல்லிவன் என்ற மருத்துவர். 1980-இல் அவரிடம் வந்த ஒரு நோயாளிக்கு அன்றைய நிலவரப்படி செய்யக்கூடியது ஒன்றுதான்: கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்குழாயைத் திறந்துவிடுவது. அந்த மனிதர் அது வேண்டாம் என்று, இந்தச் சோதனைக்கு ஒரு இரவு சம்மதித்தார். வாக்குவம் கிளீனர் மோட்டாரைக் காற்றை வெளியே தள்ளும்படி மாற்றி, மூக்கில் மாஸ்க்கைப் பசை வைத்து ஒட்டி, காற்றைச் செலுத்தினார்கள். மூச்சுத் தடை நின்று மனிதர் தூங்கினார். அடுத்த வருடம் 5 நோயாளிகளின் விவரத்தோடு ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. பசை வைத்து ஒட்டிய அந்த மாஸ்க்கை நினைத்துக்கொண்டால், இன்றைக்குக் கையில் இருக்கும் சிலிகான் மாஸ்க்கின் அருமை தெரியும்.

பழக எத்தனை நாள் ஆகும்?

சிலருக்கு முதல் இரவே பிடித்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மூன்று மாதம். எனக்கு ஐந்து வாரம் ஆனது. முதல் வாரம் எப்படிப் போகிறதோ அந்தப் பழக்கமே நீடிக்கிறது என்பது ஆய்வுகளில் கண்ட விஷயம். அதனால் ஏதாவது இடைஞ்சல் என்றால் ‘அடுத்த மாதம் செக்கப்புக்குப் போகும்போது சொல்லலாம்’ என்று விடாதீர்கள். மறுநாள் காலையிலேயே மெஷின் கொடுத்தவருக்குப் போன் போடுங்கள். காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள், கேட்க உரிமை இருக்கிறது.

மாஸ்க் போட்டதுமே மூச்சு முட்டுகிறது. பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

இதில் இரண்டு வேறு வேறு பிரச்சினைகள் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, காற்று நிஜமாகவே போதவில்லை என்ற உணர்வு. ஆட்டோ மெஷின்கள் (தேவைக்கேற்பப் பிரஷரைத் தாமே கூட்டிக் குறைப்பவை) பலவற்றை 4 முதல் 20 வரை என்ற பிரஷர் அளவிலேயே விட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பெட்டியிலிருந்து வரும்போது அப்படித்தான் இருக்கும். பெரியவர்கள் பலருக்கு 4 போதாது. ஸ்ட்ரா வழியாக மூச்சு இழுப்பது மாதிரி இருக்கும். எனக்கு முதல் வாரம் முழுக்க அந்தத் திணறல்தான். ‘பழகிவிடும் சார்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடம் நேரே போய்ச் சொன்னபோது ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஆரம்ப பிரஷரை 7 ஆக்கச் சொன்னார். அன்றிரவு திணறல் போய்விட்டது. ஏழு நாள் வேதனை, இரண்டு நிமிட வேலை.

இதற்கு நேர்மாறாக, மூச்சை வெளியே விடத்தான் கஷ்டம் என்பவர்களும் உண்டு. காற்று எதிர்த்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். மூச்சு விடும்போது மட்டும் பிரஷரைக் கொஞ்சம் இறக்கும் வசதி மெஷினில் இருக்கிறது. 1, 2, 3 என்று அளவு இருக்கும். அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். குறைந்த பிரஷரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் ‘ராம்ப்’ வசதியும் உண்டு.

இரண்டாவது, முகத்தை மூடினாலே வரும் பயம். இதற்குப் படுக்கையில் மருந்து இல்லை, பகலில்தான் இருக்கிறது. ஹாலில் உட்கார்ந்து, டியூப் மாட்டாமல், மாஸ்க்கைக் கையால் மூக்கில் வைத்துக்கொண்டு டிவி பாருங்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பயம் வந்தால் எடுத்துவிடுங்கள், மாஸ்க் உங்கள் கையில்தானே இருக்கிறது. ஓரிரு நாளில் ஸ்ட்ராப் மாட்டிப் பாருங்கள். அப்புறம் டியூபும் காற்றும். அப்புறம் மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம். அதற்கப்புறம் இரவு. ஒரு அக்காவுக்கு இப்படிப் படிப்படியாகப் போகப் பன்னிரண்டு நாள் ஆனது. இப்போது ஒரு நாள் விடாமல் போட்டுக்கொள்கிறார்.

எந்த மாஸ்க் வாங்குவது?

மூன்று வகை. மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துளைகளில் மெத்தென்று உட்காருவது (இதைப் ‘பில்லோ’ என்பார்கள்), மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ். கடையில் ஃபுல் ஃபேஸை எடுத்து நீட்டினால் உடனே வாங்காதீர்கள். மூக்கு அடைப்பில்லாமல் இருந்தால் மூக்கு மாஸ்க்கில் தொடங்குவதே நல்லது. சிறியது, லீக் குறைவு, பயமும் குறைவு.

நம் ஊர் விஷயங்கள் சில இருக்கின்றன. மூக்குத்தி போட்டிருக்கும் பெண்களுக்குப் பில்லோ வகை அழுத்தி வலிக்கும். மூக்கு மாஸ்க்கிலும் மூக்குத்தி வழியாகக் காற்று கசியும். இரவில் கழற்ற மனமில்லாவிட்டால் மூக்குத்தியோடு சேர்த்துப் போட்டுப் பார்த்து, அதற்கு ஏற்ற அளவை எடுங்கள். தடித்த மீசைக்காரர்களுக்கும் தாடிக்காரர்களுக்கும் பெரிய மாஸ்க் விளிம்பு ஒட்டாது. பில்லோ சரியாக இருக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு படுத்தால் ஸ்ட்ராப் சீக்கிரம் தொய்ந்துவிடும், சிலிகானும் வழுக்கும். எண்ணெயைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கொண்டையைப் பின்மண்டையில் போட்டால் ஸ்ட்ராப் நிற்காது, தளர்வாகப் பின்னிப் பக்கவாட்டில் விட்டுக்கொள்ளலாம்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சில மாஸ்க்குகளின் கொக்கியில் காந்தம் இருக்கிறது. அது பேஸ்மேக்கரிலிருந்து 15 செ.மீ. தள்ளியே இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். காந்தம் இல்லாத மாடலைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் படுப்பவருக்குப் பேஸ்மேக்கர் இருந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

காற்று கண்ணில் அடிக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் லீக் நிற்கவில்லை.

இறுக்குவதால்தான் நிற்கவில்லை. எல்லாரும் செய்யும் தப்பு இது, நானும் செய்தேன். மூக்கின் மேல் புண்ணே வந்துவிட்டது.

மாஸ்க்கின் விளிம்பு இரட்டைத் தோல் மாதிரி இருக்கும். காற்று அதற்குள் புகுந்து உப்பி, முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஸ்ட்ராப்பை இழுத்துக் கட்டினால் அந்தத் தோல் மடிந்து நசுங்கிவிடும், மடிப்பு வழியே காற்று பீய்ச்சும். கண்ணாடி முன்னால் நின்று மாட்டுவதும் வீண் வேலை. நிற்கும்போது இருக்கும் முகம் படுத்தால் மாறிவிடுகிறது, கன்னம் சரிகிறது.

இப்படிச் செய்யுங்கள். படுங்கள். மெஷினை ஓடவிடுங்கள். ஸ்ட்ராப்பைத் தளர்த்துங்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து விரற்கடை தூரம் நேராக முன்னால் இழுத்து, காற்று விளிம்பை உப்பவிட்டு, மெதுவாகத் திரும்ப வையுங்கள். இப்போது ஸ்ட்ராப்பைக் கீழிருந்து மேலாக, இரண்டு பக்கமும் ஒரே அளவாக, லீக் நிற்கும் வரைக்கும் மட்டும் இழுங்கள். ஸ்ட்ராப்புக்கும் தலைக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். பிறகு இடது பக்கம், வலது பக்கம் திரும்பிப் பாருங்கள். இதற்கெல்லாம் மீறி லீக் ஆனால் அளவு தப்பு. ஒரு சைஸ் சின்னதை முயன்று பாருங்கள்.

மாஸ்க்கின் முன்பக்கம் பொடிப்பொடி ஓட்டைகள் வழியாக எப்போதும் காற்று வரும். அது லீக் இல்லை. நீங்கள் விடும் மூச்சுக்காற்று வெளியேறும் வழி அது. அதில் டேப் ஒட்டியவரைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மூடாதீர்கள்.

எங்கள் அப்பா தூக்கத்திலேயே மாஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிடுகிறார். ராத்திரியில் மூன்று நான்கு மணி நேரம் போட்டால் போதாதா?

அப்பாவைத் திட்டாதீர்கள், அவருக்கே தெரியாமல் நடக்கிறது. லீக், மூக்கடைப்பு, பிரஷர் போதாமை என்று ஏதோ ஒன்று அவரை உறுத்துகிறது. மெஷினில் பதிவாகும் கணக்கைப் பார்த்தால் எத்தனை மணிக்குக் கழற்றினார், அதற்கு முன் லீக் எவ்வளவு என்று தெரியும். டாக்டரிடம் போகும்போது மெமரி கார்டையோ ஆப்பையோ எடுத்துப் போங்கள். நடுவில் விழித்துக் கழன்றிருப்பதைப் பார்த்தால் எடுத்து மாட்டிவிடுங்கள். அப்படிச் செய்யச் செய்யக் கழற்றும் நேரம் தள்ளிப்போகும்.

4 மணி நேரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்காவில் காப்பீட்டுப் பணம் தர வைத்திருக்கும் விதி அது: 30 நாளில் 70 சதவீத இரவுகளில் குறைந்தது 4 மணி நேரம். உடம்புக்கு அது போதும் என்று அர்த்தம் இல்லை. கனவு வரும் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். அப்போது தசைகள் மிகவும் தளர்ந்திருக்கும், மூச்சுத் தடையும் பலருக்கு அப்போதுதான் மோசமாகும். மூன்று மணிக்குக் கழற்றிவிட்டால், மெஷின் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது சும்மா கிடக்கிறது. 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ இருந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களைச் சில வருடங்கள் கவனித்தார்கள். மெஷின் போட்டவர்களுக்குப் பகல் அசதி குறைந்தது, மனநிலை தேறியது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் மெஷினைப் போட்ட சராசரி நேரம் ஓர் இரவுக்கு 3.3 மணிதான். இன்னும் அதிக நேரம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் மட்டும் விடியும்வரை கழற்றுவதில்லை. மத்தியானத் தூக்கத்துக்கும் மாட்டிக்கொள்வேன்.

வாய் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. மூக்கும் அடைத்துக்கொள்கிறது.

வாய் காய்ந்தால், மூக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து தூங்குகிறீர்கள் என்று பொருள். காற்று மூக்கில் நுழைந்து வாய் வழியாக ஓடிவிடுகிறது. முதலில் மூக்கடைப்பைப் பாருங்கள், மூக்கு திறந்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். படுக்குமுன் உப்புத்தண்ணீர் ஸ்பிரே நல்ல பலன் தரும். தொடர் அடைப்பு என்றால் ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டுங்கள். அப்படியும் வாய் திறந்தால் தாடைப் பட்டியோ ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கோ. வாயில் டேப் ஒட்டுவதாக வீடியோக்கள் வருகின்றன. மூக்கு அடைத்திருப்பவர் அதைச் செய்வது ஆபத்து.

ஹியூமிடிஃபையர், அதாவது காற்றில் ஈரம் சேர்க்கும் தண்ணீர்த் தொட்டி, ஏசி அறையில் படுப்பவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

அதில் என்ன தண்ணீர் ஊற்றுவது?

மருந்துக்கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் ஊற்றினால் இட்லிப் பானை அடியில் படியுமே வெள்ளைப் பூச்சு, அது தொட்டியிலும் படியும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. ஊரில் அவசரத்துக்கு ஒன்றிரண்டு நாள் ஆர்.ஓ. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றியிருக்கிறேன். இன்வெர்ட்டர் பேட்டரிக்கென்று விற்பது மூச்சுக்காகத் தயாரித்ததில்லை, அதை நான் வாங்குவதில்லை. தினமும் காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்துக் காயவையுங்கள். நேற்றைய தண்ணீருக்கு மேல் இன்றைக்கு ஊற்றுவது கூடாது.

நடுராத்திரி டியூபுக்குள் களகளவென்று சத்தம், முகத்தில் தண்ணீர் தெறிக்கிறது.

சூடான ஈரக்காற்று, ஏசியாலும் ஃபேனாலும் குளிர்ந்த டியூபில் பட்டுத் தண்ணீராகிறது. ஈர அளவை ஒரு படி குறையுங்கள். மெஷினைக் கட்டிலை விடத் தாழ்வான ஸ்டூலில் வையுங்கள், தண்ணீர் முகத்துக்கு வராமல் திரும்பி ஓடிவிடும். டியூபுக்குப் பழைய பருத்திப் புடவைத் துணியில் உறை தைத்துப் போட்டாலே பாதி சரியாகிவிடும். என் மனைவி தைத்துக் கொடுத்த உறைதான் இன்றும் என் டியூபில் இருக்கிறது.

காலையில் வயிறு உப்பி, ஏப்பமாக வருகிறது.

காற்று வயிற்றுக்குள் போகிறது. இரவுச் சாப்பாட்டைப் படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்னால் முடியுங்கள், ஒருக்களித்துப் படுங்கள், தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். குறையாவிட்டால் அதிகபட்ச பிரஷரைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கரண்ட் போனால் மூச்சு முட்டிச் செத்துவிடமாட்டோமா?

மாட்டீர்கள். மாஸ்க்கின் ஓட்டைகள் திறந்தே இருக்கின்றன. மூக்கு மாஸ்க் என்றால் வாய் சும்மாதான் இருக்கிறது. ஃபுல் ஃபேஸில் காற்று நின்றதும் தானே திறந்துகொள்ளும் வால்வு இருக்கிறது. காற்று வராத உறுத்தலில் பெரும்பாலும் விழிப்பு வந்துவிடும், கழற்றிவிடலாம்.

வீட்டு இன்வெர்ட்டரில் மெஷின் ஓடும். சைன் வேவ் வகையாக இருப்பது முக்கியம். ஹியூமிடிஃபையரும் சூடாகும் டியூபும்தான் கரண்டை இழுப்பவை. புயல், மழை நாட்களில் அவற்றை அணைத்துவிட்டு வெறும் காற்றை மட்டும் ஓட்டினால் பேட்டரி வெகுநேரம் தாங்கும்.

மெஷின் போட்ட பிறகு ராத்திரி பாத்ரூம் போவது நின்றுவிட்டதாக ஒருவர் சொன்னார். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். எனக்கு இந்த மெஷினின் மேல் நம்பிக்கை வந்ததே இதனால்தான். இரவில் நான்கு முறை எழுந்துகொண்டிருந்தேன். சர்க்கரையா, பிராஸ்டேட்டா என்று எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை.

தொண்டை மூடியிருக்கும்போது நெஞ்சு பலமாக இழுக்கிறது. காற்று வராததால் நெஞ்சுக்குள் அழுத்தம் இறங்குகிறது, இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று இதயம் தப்பாக எடுத்துக்கொண்டு, ‘நீரை வெளியேற்று’ என்று சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. இரவு முழுக்க இது நடந்தால் பாத்ரூமுக்கு நடக்காமல் என்ன செய்வது? மெஷின் போட்ட முதல் வாரத்திலேயே எனக்கு நான்கு ஒன்றாகிவிட்டது. வயதானவர்கள் இரவில் அடிக்கடி எழுந்தால் வீட்டில் எல்லாரும் சர்க்கரை என்றே முடிவுகட்டுகிறோம். குறட்டையும் இருந்தால் இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆரம்ப நாட்களில் கனவு அதிகமாக வரும், நீளநீளமாக வரும். பயப்பட வேண்டாம். கிடைக்காமல் போன கனவுத் தூக்கத்தை உடம்பு சேர்த்துப் பிடிக்கிறது.

ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் அசதி போகவில்லை.

மெஷின் காட்டும் ஏ.எச்.ஐ. 5-க்குக் கீழே இருக்கிறதா, லீக் குறைவாக இருக்கிறதா, மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று வரிசையாகப் பாருங்கள். ஐந்து மணி நேரம் தூங்கினால் எந்த மெஷினும் உதவாது. எல்லாம் சரியாக இருந்தும் அசதி என்றால் தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரைகள் என்று டாக்டர் தேட வேண்டியிருக்கும். படுக்குமுன் மது அருந்தினால் தொண்டைத் தசை இன்னும் தளரும். தூக்க மாத்திரையும் டாக்டர் சொல்லாமல் கூடாது. பகலில் தூக்கம் சொக்குவது நிற்கும் வரைக்கும் வண்டி ஓட்டாதீர்கள். இதில் சமாதானமே கிடையாது.

ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா? எடை குறைத்தால், பிராணாயாமம் செய்தால் விட்டுவிடலாமா?

மெஷின் நோயைக் குணப்படுத்துவதில்லை, போட்டிருக்கும் நேரத்தில் தடுக்கிறது. விட்டால் சில நாளில் பழையபடி ஆகிவிடும். அதற்காக வழியே இல்லை என்றும் இல்லை. 10 சதவீதம் எடை குறைந்தவர்களுக்கு ஏ.எச்.ஐ. ஏறக்குறைய 26 சதவீதம் குறைந்ததாக 2000-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. உடல் பருமனோடு நடுத்தர, கடுமையான ஆப்னியா இருப்பவர்களுக்கு டிர்செபடைட் ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. லேசான, நடுத்தர நிலையில் பல் டாக்டர் செய்துதரும், கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கருவி உதவும். குழந்தைகளுக்கு என்றால் கதையே வேறு, டான்சிலும் அடினாய்டும்தான் பெரும்பாலும் காரணம்.

ஊதுவதும் தொண்டைத் தசைக்கு நல்ல பயிற்சி. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் டிஜெரிடூ வாத்தியத்தை நான்கு மாதம் ஊதியவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்ததாக 2006-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. 2025-இல் ஜெய்ப்பூரில் சங்கு ஊதவைத்து 30 பேரிடம் பார்த்த ஆய்விலும் நல்ல பலன் தெரிந்தது. நம் வீட்டுப் பூஜை அறையில் சங்கு இருக்கிறது, ஊதுங்கள். ஆனால் இவை சிறிய ஆய்வுகள். ஊதிக்கொண்டே மெஷினையும் போடுங்கள். எடை குறைந்தபின் இன்னொரு ஸ்லீப் ஸ்டடி எடுத்து டாக்டர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது? தெரிந்தவரின் பழைய மெஷின் கிடைக்கிறது, வாங்கலாமா?

முகத்தில் படும் சிலிகானைத் தினமும், டியூபையும் ஸ்ட்ராப்பையும் வாரம் ஒருமுறை, மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். டெட்டால், பிளீச் வேண்டாம். நம் ஊர்த் தூசிக்கு ஃபில்டரை மாதம் ஒருமுறை பார்த்து மாற்றுங்கள். பகலில் டியூப் வாயைத் துணியால் மூடி வையுங்கள், எறும்பும் கரப்பானும் போகும். மெஷினைச் சுத்தம் செய்வதற்கென்று விற்கும் ஓசோன் பெட்டிகள் வேண்டாம்.

பழைய மெஷின் என்றால் மாடல் எண்ணைக் கண்டிப்பாகப் பாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் மெஷின்கள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. உள்ளே சத்தம் குறைக்க வைத்திருந்த ஃபோம் உதிர்ந்து காற்றோடு போகலாம் என்பது காரணம். அந்தப் பட்டியலில் இருக்கும் மெஷின்கள் கைமாறி வர வாய்ப்பிருக்கிறது. மற்றவருடைய பிரஷர் அளவில் நீங்கள் தூங்கவும் கூடாது. மாஸ்க், டியூப், ஃபில்டர் மூன்றும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

எனக்கு ஆபரேஷன் இருக்கிறது. சொல்ல வேண்டுமா?

கட்டாயம். மயக்க மருந்து டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள், மெஷினையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். மயக்கமும் வலி மருந்தும் மூச்சைத் தளர்த்தும்.

வெளியூர் போனால் என்ன செய்வது? நாலு பேர் முன்னால் மாட்டிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

விமானத்தில் கைப்பையாக எடுத்துப் போங்கள், தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, டாக்டர் சீட்டு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். ரயிலில் சார்ஜிங் பாயிண்டை நம்ப வேண்டாம், இரவில் பல வண்டிகளில் நிறுத்திவிடுகிறார்கள். பேட்டரி இருந்தால் நிம்மதி. எக்ஸ்டென்ஷன் வயரை மறக்காதீர்கள், எந்த ஊர் லாட்ஜிலும் கட்டில் பக்கம் பிளக் இருக்காது.

கூச்சம் எனக்கும் இருந்தது. முதல் வருடம் இரண்டு கல்யாணங்களுக்கு இதற்காகவே போகவில்லை. மூன்றாவது, சித்தி வீட்டுக் கல்யாணம், தவிர்க்க முடியவில்லை. மண்டபத்தில் ஆண்கள் ஏழெட்டுப் பேருக்கு ஒரே அறை. எல்லாரும் படுத்து விளக்கை அணைக்கும் வரை காத்திருந்து, ஜன்னல் ஓரம் மெஷினை வைத்து, போர்வைக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டேன். காலையில் எழுந்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சித்தி மகன் மட்டும் பல் துலக்கிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். டியூபைத் தொட்டுப் பார்த்தான். “அண்ணா, எனக்கும் ராத்திரி மூச்சு முட்டி எழுந்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. நீங்க எந்த டாக்டரிடம் போனீங்க?” என்றான்.